பகலில் ஒரு பிஸ்கற், இரவில் ஒரு பிஸ்கற்

சுகர் கிளைடர் பொறாமை பிடித்த பிராணி என்று கவுண்டரில் வந்து யாராவது சொன்னால், உடனே கூட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். முதலில் சொல்கிறவரின் முகத்தைப் பாருங்கள். பொறாமை அநேகமாக அங்கேதான் இருக்கும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, பிள்ளைகள். பொறாமைப்படுவதில் நான் பழுத்த அனுபவசாலி. நீங்கள் இப்போது வேலை பார்க்கிற அதே மிருக மருத்துவமனையில், அதே கவுண்டருக்குப் பின்னால் நின்ற காலம் முழுவதும் யாரையாவது பார்த்து எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. இப்போது உங்களைப் பார்த்து எரிகிறது. கடி தாங்கும் கையுறை உங்களுக்கு இருக்கிறது, மெத்தென்ற துணிப் பைகள் இருக்கின்றன, சந்தேகம் வந்தால் தட்டிப் பார்க்கக் கைபேசி இருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது ஒரு பழைய துவாய்.

என் முதல் பொறாமை டொக்டர்மேல். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கியூபெக் பெண், என்னைவிட நன்றாக இளையவர். நான் தூக்கினால் உதைக்கிற முயல் அவர் தூக்கினால் கண்ணை மூடிக்கொள்ளும். நான் கூட்டைத் திறந்தாலே அலறுகிற கிளி அவர் தோளில் போய் உட்கார்ந்து தலை கோதச் சொல்லும். கைராசி என்று பெயர் வைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதைவிட எரிச்சல் அவர் கேட்கிற கேள்வி. முயல் சாப்பிடவில்லை என்றால் "எத்தனை மணிக்கு?" என்பார். கிளி கத்துகிறது என்றால் "எத்தனை மணிக்கு?" கடித்துவிட்டது என்றால், எங்கே கடித்தது, எவ்வளவு ஆழம் என்றல்லவா ஒரு டொக்டர் கேட்க வேண்டும்? அதற்கும் "எத்தனை மணிக்கு?" தான். இந்தப் பெண் மிருக வைத்தியம் படித்தாளா, ரயில் நிலைய வேலைக்குப் படித்தாளா என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தக் கேள்வியின் அருமையை எனக்கு விளங்க வைத்தது பிஸ்கற் என்கிற ஒரு சுகர் கிளைடர்.

இன்னும் கிளைடரைக் கையில் எடுக்காதவர்கள் உங்களில் இருப்பீர்கள். பார்வைக்கு அணில் மாதிரி இருக்கும், ஆனால் அணில் இல்லை. கங்காரு மாதிரிக் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கிற இனம். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் தோல் இருக்கிறது. அதை விரித்துக்கொண்டு மரத்துக்கு மரம் மிதந்து போகும். மரம் இல்லாத வீட்டில் யன்னல் சீலையிலிருந்து உங்கள் தலைக்குப் போகும். கண் இரண்டும் முகத்துக்கு மிஞ்சின பெரிசு. அந்தக் கண்ணில்தான் சனம் ஏமாறுகிறது. வாங்குகிற அன்று, இந்த முகத்துக்குக் கோபமே வராது என்று நினைக்கிறார்கள். கடித்த அன்று, இந்த முகத்தை வைத்துக்கொண்டு நம்மை ஏமாற்றிவிட்டதே என்று நினைக்கிறார்கள். இரண்டு நாளும் அது ஒரே பிராணிதான்.

லவாலில் இருந்து ஒருவர் வந்தார். தன் கிளைடருக்கு உச்சந்தலையில் வட்டமாக முடி கொட்டிவிட்டது, தான் பூனை வாங்கினதில் இருந்து அதற்குப் பொறாமை, அந்தக் கவலையில்தான் வழுக்கை விழுந்தது என்று கண் கலங்கினார். ஆண் கிளைடர் வளர்ந்தால் அந்த இடத்தில் முடி இருக்காது, அங்கேயிருந்துதான் தன் மணத்தை எல்லாவற்றிலும் பூசித் திரியும் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. அவருடைய உச்சந்தலையும் அதே மாதிரி இருந்ததால், விளக்கம் சொல்லும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துப் பேசினேன். பூனையை வேறு அறையில் வையுங்கள், அதற்குக் கிளைடர் என்றால் சாப்பாடு என்று சொல்லி அனுப்பினோம்.

இப்போது பிஸ்கற்றுக்கு வருகிறேன்.

ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை காலை. கதவைத் திறந்த கையோடு வதனி உள்ளே வந்தாள். எங்கள் ஊர்ப் பெண், ஐம்பதை நெருங்கிய வயது, பக்கத்து ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் வேலை, சின்னப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு செய்வது. கையில் இருந்த துணிப் பையை மேசையில் வைத்தாள்.

"அக்கா, இதை எடுங்கோ. எனக்கு இனி ஏலாது."

பைக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. எண்ணெய் போடாத தையல் மெஷினை வேகமாகச் சுற்றினால் வருகிற மாதிரி. கிளைடர் போடுகிற அந்தச் சத்தத்தைக் கோபம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அது பயம். நித்திரையில் இருக்கிற ஒன்றைக் குளிருக்குள் தூக்கிக்கொண்டு வந்தால் யாருக்கும் பயம் வரும்.

"எடுக்கலாம். ஆனால் எடுத்தால் பேந்து திருப்பித் தரமாட்டம். வேறை வீடு பார்த்துக் குடுத்திடுவம்," என்றேன். அதுதான் இங்கே வழக்கம், உங்களுக்கும் தெரியும்.

"அதைத்தான் நானும் கேக்கிறன். அவர் வேலையாலை வாறதுக்கு முன்னம் எடுங்கோ."

அவர் என்றது கணவன் ஞானத்தை. மொன்ட்ரியால்-நோரில் ஒரு பாண் தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. இவள் காலையில் படியிறங்குவாள், அவர் படியேறுவார். பின்னேரம் இவள் வருவாள், அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பார். கதவடியில் நடந்த கலியாணம் அது. நம்மவர்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் வீடும் வாங்கிப் பிள்ளைகளையும் படிப்பித்தார்கள், நான் குறை சொல்லவில்லை. பிஸ்கற்றை வாங்கினது அவர்களுடைய மகன். ரொறொன்ரோவுக்குப் படிக்கப் போகும்போது தாய் தகப்பனிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான். தனியாக ஒன்றை வளர்த்தால்தான் வளர்க்கிறவரோடு ஒட்டும், சோடி சேர்த்தால் அதோடுதான் ஒட்டும் என்று கடையில் சொன்னார்களாம். அதை நம்பி ஒன்றை மட்டும் வாங்கியிருந்தான்.

"என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"என்னோடை எரிச்சல் அதுக்கு. நான் வீட்டுக்குள்ளை கால் வைச்சால் காணும், கூட்டைப் பிடிச்சு ஆட்டும். நாய்க்குட்டி மாதிரிக் குரைக்கும். பேசாமல் இரு எண்டு கையை விட்டால் கடிக்கும். இஞ்சை பாருங்கோ." விரல்களைக் காட்டினாள். ஒன்றில் பழைய தழும்பு, ஒன்றில் புதுக் காயம். "அவரிட்டை எண்டால் பூனை. நெஞ்சுக்குள்ளை பூந்து நாள் முழுக்கப் படுத்திருக்கும். அவர் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நான் அங்கை பிள்ளையளுக்குக் கரட் வெட்டிக்கொண்டு நிண்டு, என்ரை மனிசன்ரை நெஞ்சிலை அது படுத்திருக்கிறதைப் பார்க்கவேணும்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் சிவந்தது. "அதுக்கு என்னைப் பிடிக்காது அக்கா. அவரைத் தனக்கு மட்டும் வைச்சிருக்கப் பார்க்குது. ஒண்டில் அது இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கிறன். நான் மகனிட்டை ரொறொன்ரோ போறன்."

ஒரு கையளவுப் பிராணியால் ஒரு கலியாணம் முறிகிறதா என்று நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறு ஒன்று நடந்தது. நானும் என் கணவரும் ஒரே நேரம் வேலைக்குப் போய் ஒரே நேரம் திரும்பினவர்கள். அத்தனை வருடமும் ஒவ்வொரு பின்னேரமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அவர் நெஞ்சில் யார் படுத்திருந்தாலும் எனக்கு இப்படிக் கண் சிவந்திருக்காது. என் நெஞ்சில் யார் இருந்தாலும் அவருக்கும்தான். வதனியைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கவில்லை, பொறாமையாக இருந்தது. கதவடியில் மட்டும் காண்கிற ஒரு மனிதனுக்காக இவ்வளவு எரிய அவளுக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தேன்.

அந்த நேரம் கதவு படாரென்று திறந்தது. ஞானம். புருவத்தில் பாண் மா, சப்பாத்துக் கயிறு கட்டவில்லை, ஜாக்கெட் பொத்தான் போடவில்லை. வீட்டுக்கு வந்து வெறும் கூட்டைக் கண்டதும் அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

"எங்கை அது?"

அவர் கண் மேசைக்குப் போனது. அவர் பையில் கை வைத்தார், அவளும் வைத்தாள். இரண்டு பேரும் இழுக்க, உள்ளே தையல் மெஷின் முழு வேகத்தில் ஓடியது. டொக்டரைக் கூப்பிட முடியாது, உள்ளே ஒரு முயலுக்குச் சத்திர சிகிச்சை செய்துகொண்டிருந்தார். நான் இரண்டு கையையும் பையின்மேல் குறுக்கே வைத்தேன்.

"விடுங்கோ. ரெண்டு பேரும் விடுங்கோ. உள்ளுக்கை இருக்கிறது எலும்பும் தோலும்."

விட்டார்கள். விட்டதும் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ நான் நீதிபதி மாதிரி. அவள் எடு என்கிறாள். அவர் தா என்கிறார். பிராணி இரண்டு பேருக்கும் சொந்தம். எடுத்தால் திருப்பித் தர முடியாது, தந்தால் வதனி போய்விடுவாள்போல் இருந்தது. இப்படி ஒரு நிலையில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை யார் நல்லவர் என்று பார்ப்பது. நானும் அதைத்தான் தொடங்கினேன். ஆளைப் பார்த்தால் ஞானம் பாவம், நெஞ்சில் வைத்து வளர்த்தவர், தந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"இது ஆரையும் கடிக்காது அக்கா," என்றார் அவர். "இப்பிடி ஒரு சாதுவான சாமானை நான் கண்டதில்லை. விரலிலை தேன் வைச்சால் கண்ணைத் திறக்காமலே நக்கும்."

கண்ணைத் திறக்காமல் என்றதும் எனக்குள் டொக்டரின் குரல் கேட்டது. அந்தக் கேள்வியை என் வாயால் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"எத்தனை மணிக்கு?"

"என்ன?"

"எத்தனை மணிக்கு அது உங்கடை நெஞ்சிலை படுக்கிறது?"

"காலமை. நான் வேலையாலை வந்து படுக்கேக்கை. பேந்து நான் எழும்பி வெளிக்கிடும்வரைக்கும் அப்பிடியே கிடக்கும்."

"வதனி, உமக்கு எத்தனை மணிக்குக் குரைக்கிறது?"

"இருட்டினாப் பிறகு. இவர் வெளிக்கிட்ட கையோடை தொடங்கும். இவரைத்தான் கூப்பிடுது."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சுகர் கிளைடர் இரவில் விழிக்கிற பிராணி. பகலில் அது யார் நெஞ்சிலும் படுக்கும். சூடும் இருட்டும் இருந்தால் காணும், பாண் சுடுகிற அடுப்புக்குப் பக்கத்திலும் படுக்கும். அன்பாக இருக்கிறது என்று அவர் நினைத்தது அதன் நித்திரை. வன்மம் என்று இவள் நினைத்தது அதன் விழிப்பு. ஒரே வீட்டில் ஒரே கூட்டில் இவர்கள் இரண்டு பிராணிகளை வளர்த்திருக்கிறார்கள். அவருக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று. ஒருவர் கண்டதை மற்றவர் காணவே இல்லை.

இதை அப்படியே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், மூடிவிட்டேன். அந்த நிமிடத்தில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், தன் பக்கம் பேசவில்லை என்று மட்டும்தான் காதில் விழும். அதனால் பையை மெல்லத் திறந்து பார்த்தேன். வாலடியில் முடி இல்லை, தோல் சிவந்திருந்தது. தானே தன்னைக் கடித்திருக்கிறது.

"இது எப்ப தொடக்கம்?"

இரண்டு பேருக்கும் தெரியாது. அவர் பைக்குள் பார்க்கவில்லை, அவள் பக்கத்தில் போகவில்லை.

"நான் இதை எடுக்கவும் இல்லை, தரவும் இல்லை," என்றேன். "டொக்டர் பார்க்கவேணும், அதுவரைக்கும் இஞ்சை இருக்கட்டும். திங்கள் பின்னேரம், இருட்டினாப் பிறகு, ரெண்டு பேரும் ஒண்டா வாங்கோ. தனித்தனியா வந்தால் கதவு திறக்கமாட்டன்."

"பின்னேரம் எனக்கு வேலை," என்றார் ஞானம். பிறகு பையைப் பார்த்தார். "சரி. லீவு எடுக்கிறன்."

வதனியின் முகம் மாறினதை நான் பார்த்தேன். "காய்ச்சலிலை கிடந்து நடுங்கேக்கை ஒரு நாள் லீவு எடுக்காத மனிசன். இதுக்கு எடுக்கிறார். பார்த்தீங்களே அக்கா?"

"நீர் கேக்கேல்லையே," என்றார் அவர்.

"அது மட்டும் கேட்டதே?"

அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள், அவள் வேலைக்கு, அவர் படுக்க.

சத்திர சிகிச்சை முடிந்து டொக்டர் வெளியே வந்ததும் முழுவதையும் சொன்னேன். அவர் வாயைத் திறக்க முன்பே, எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன், இல்லை. வாலைப் பார்த்து மருந்து போட்டார். இது கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியே வைத்தால் தன்னையே கடிக்கத் தொடங்கும் என்றார். தனியாக இருந்தால்தான் மனிதரோடு ஒட்டும் என்பதைப்போலப் பொல்லாத பேச்சு இந்தத் தொழிலில் வேறில்லை என்று அன்றைக்குத்தான் முதல்முறை அவர் கோபத்தோடு பேசக் கேட்டேன். பிஸ்கற்றின் கூட்டைப் பின்னறையில் மிமியின் கூட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மிமி யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு பெண் கிளைடர். டொக்டர் கை வைத்தவுடன் பிஸ்கற் சத்தம் போடாமல் இருந்தது. என்னிடம் தையல் மெஷின். விடுங்கள்.

திங்கள் பின்னேரம் சொன்னபடி இரண்டு பேரும் வந்தார்கள். ஞானம் முகம் வழித்து, பவுடர் பூசி, வாசனை அடித்து, இஸ்திரி போட்ட சேட்டோடு நின்றார். கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி. வதனி வேலையால் நேரே வந்திருந்தாள். இஸ்திரி போட்ட சேட்டை அவள் பார்த்த பார்வையை நான் கண்டேன். அது யாருக்காகப் போட்டது என்று அவளுக்குத் தெரியும்.

பின்னறையில் மங்கலான வெளிச்சம். பிஸ்கற் கூட்டின் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் கறுப்புக் குண்டுமணி மாதிரி. அது விழித்திருப்பதை ஞானம் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார் என்று நினைக்கிறேன். முகம் மலர்ந்துவிட்டது.

"மேலாலை கை விடாதையுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். யார் கேட்டது? தன் பிள்ளையைத் தூக்கிற மாதிரி மேலால் கையை விட்டார். காட்டில் இந்தப் பிராணியை மேலால் வந்து தூக்குவது ஆந்தை. பிஸ்கற் நிமிர்ந்து நின்று கரகரவென்று கத்தி, அவருடைய பெருவிரலைப் பிடித்துவிட்டது.

"ஐயோ!" கையை இழுத்தார். இரத்தம் வந்தது. "என்னைத் தெரியேல்லையே உனக்கு?"

வதனி சிரித்துவிட்டாள். நன்றாகச் சிரித்தாள், மனம் நிறைந்து சிரித்தாள். அத்தனை மாதம் வாங்கின கடிக்கெல்லாம் அந்தச் சிரிப்புத்தான் மருந்து. அவள் சிரித்ததை நான் குறை சொல்ல மாட்டேன், அவளுடைய இடத்தில் நான் நின்றிருந்தால் கை தட்டியிருப்பேன். ஆனால் ஞானம் விரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அந்த வாசனையும் புதுச் சேட்டும் இல்லாவிட்டால் ஒருவேளை அடையாளம் கண்டிருக்கும், மருந்து மணக்கிற புது அறையில் அதற்குப் பயம் வேறு என்று விரலுக்குக் கட்டுப் போட்டபடி நான் விளக்கம் சொன்னேன். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. வதனியின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

அப்போதுதான் பிஸ்கற் குரைக்கத் தொடங்கியது. ஒரு குரைப்பு, கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொன்று. எங்கள் மூன்று பேரையும் அது பார்க்கவில்லை.

"இதுதான்," என்றாள் வதனி மெதுவாக. "இந்தச் சத்தம்தான். உங்களைக் கூப்பிடுது எண்டு நினைச்சன்."

"ஒவ்வொரு நாளுமே?"

"ஒவ்வொரு நாளும்."

"இதைக் கேட்டுக்கொண்டே இருந்தனீர், தனிய?"

"வேறை ஆரோடை இருக்கிறது?"

"சொல்லியிருக்கலாமே."

"கதவடியிலை நிண்டு எதைச் சொல்லுறது? சாப்பாடு மேசையிலை எண்டு சொல்லத்தான் நேரம் கிடைக்கிறது."

பக்கத்துக் கூட்டில் இருந்து மிமி பதில் குரைத்தது. பிஸ்கற் ஒரே பாய்ச்சலில் அந்தப் பக்கக் கம்பிக்குப் போனது. மூக்கை இரண்டு கம்பிக்கு நடுவே நுழைத்து மணந்தது. மிமியும் மணந்தது. அதற்குப் பிறகு குரைப்பு இல்லை. இந்தப் பக்கம் இரண்டு மனிதர் இருக்கிறார்கள் என்கிற நினைப்பே அதற்கு இல்லை. இஸ்திரி போட்டவரையும் மறந்தது, கடி வாங்கினவளையும் மறந்தது.

நான் அவர்களைப் பார்த்தேன். இரண்டு பேர் முகத்திலும் ஒரே களை. பிஸ்கற்றால் எரிந்த வதனியும் பிஸ்கற்றுக்காக ஓடி வந்த ஞானமும் இப்போது ஒரே பக்கத்தில் நின்று மிமியைப் பார்த்து எரிந்தார்கள். பல வருடங்களில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"அது உங்களைக் கூப்பிடேல்லை, ஞானம். உம்மைத் துரத்தவும் இல்லை, வதனி. தன்ரை இனத்தைத் தேடி இருக்குது," என்றேன். "ரெண்டையும் கொண்டு போங்கோ. வாலும் மாறிடும்."

"ரெண்டு வந்தால் பேந்து என்னட்டை வராது," என்றார் ஞானம்.

"வராட்டி என்ன?" வதனியின் குரல் சட்டென்று உயர்ந்தது. "என்னட்டையும்தான் ஒருத்தரும் வாறேல்லை. நான் செத்தே போனன்?"

டொக்டர் கதவில் வந்து நின்றார், தமிழ் விளங்காது, ஆனால் முகம் விளங்கியது, திரும்பிப் போய்விட்டார். நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஞானம் கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கதிரையை அவள் பக்கம் நகர்த்தி, "இரும்," என்றார். அவள் இருந்தாள். அவர் பக்கத்தில் நின்றார்.

அன்றே இரண்டு கிளைடரையும் ஒன்றாக விட்டுவிடவில்லை. அதை அப்படி அவசரமாகச் செய்தால் ஒன்று மற்றதைக் கிழித்துவிடும். துணியை மாற்றிப் போட்டு, மணத்தைப் பழக்கி, மெல்ல மெல்லத்தான் சேர்க்க வேண்டும், உங்களுக்கு டொக்டரே காட்டித் தருவார். அந்த நாட்களில் வளர்க்கிறவர்கள் பின்னேரங்களில் வந்து பக்கத்தில் இருந்தால் நல்லது என்று சொன்னோம். வதனி வருவாள் என்று தெரியும். ஞானம் எப்படி வருவார்? ஒரு கிழமை கழித்து அவர் தன் வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொண்டு வந்து நின்றார். இரவில் கிடைக்கிற மேலதிகச் சம்பளம் போய்விட்டது. பிராணிக்காகத்தான் மாற்றினேன் என்று என்னிடம் சொன்னார், ஃபோர்மனிடமும் அப்படித்தான் சொன்னாராம். வதனி அதை நம்பினமாதிரித் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு பேரும் அந்தப் பின்னறையில் இருந்தார்கள். பிஸ்கற் யார் தோளுக்குப் பாயும் என்று பந்தயம் கட்டினார்கள். அது வதனியின் தோளுக்குத்தான் பாயும். விழித்திருக்கும்போது அதன் போக்கெல்லாம் தெரிந்தவள் அவள்தானே. இருட்டினதும் முதலில் பப்பாசிப்பழம் தேடும், பிறகு ஓடும், பிறகு முகம் கழுவும், அந்த நேரம் தொட்டால் கடிக்கும் என்று அவள் சொல்லிக் கொடுக்க, ஞானம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருப்பதைத் தினமும் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. துவாய் மடிக்கிற சாட்டில் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தேன். ஒருநாள் டொக்டர், "இவ்வளவு துவாய் நம்மிடம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

கூட்டிப் போகிற நாள் வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குளிர் பட்டால் கிளைடர் விறைத்துவிடும் என்று நான் எச்சரித்தேன். கிளைடர் இரண்டும் நித்திரை கொள்ளுகிற பையை ஞானம் வாங்கி ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்து, பொத்தானைப் பூட்டினார். கதவு வரை போனவர்கள் அங்கேயே நின்று சண்டை தொடங்கினார்கள்.

"காத்துப் போகுதோ தெரியாது, இறுக்கிப் போட்டீங்கள்."

"போகுது."

"எங்கை பார்ப்பம்."

வதனி கையுறையைக் கழற்றி, அவருடைய ஜாக்கெட்டின் இரண்டு பொத்தானைத் திறந்து, கையை உள்ளே விட்டாள். பையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருக்கிறது என்றாள். பிறகும் கையை எடுக்கவில்லை. அவரும் எடு என்று சொல்லவில்லை. அப்படியே, ஒரு கை அவருடைய ஜாக்கெட்டுக்குள் இருக்க, இரண்டு பேரும் படியிறங்கிப் பனிக்குள் வழுக்கி வழுக்கி நடந்தார்கள். பிராணி இரண்டும் நல்ல நித்திரை, அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று, அவர்கள் முடுக்குத் திரும்பும்வரை கண்ணாடியால் பார்த்தேன். அந்தக் கை வெளியே வரவே இல்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.